டிராயரில் கிடந்தே தீர்ந்துபோகும் சார்ஜ்

"போனைக் கையிலேயே எடுக்கலை, ஆனா சாயங்காலத்துக்குள்ள சார்ஜ் பாதி போயிடுச்சு." எங்கள் பிரிவில் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுவார்கள். நான் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் டெக்னீஷியன். எங்கள் இடம் தரைக்குக் கீழே இருக்கிறது. கதிர் வெளியே போகாமல் இருக்க எக்ஸ்ரே அறைச் சுவர்களில் ஈயத் தகடு பதித்திருப்பார்கள். அதைச் சுற்றிக் கனமான கான்கிரீட். எக்ஸ்ரே கதிரையே நிறுத்துகிற தகடு டவர் சிக்னலையா விட்டுவிடும்? கதவுப் பக்கம் நின்றால் இரண்டு கோடு காட்டும், உள்ளே வந்தால் ஒன்று. கன்ட்ரோல் ரூம் டிராயரில் போட்டால் அந்த ஒன்றும் வரும், போகும்.

சார்ஜ் நிற்கவில்லை என்று யாராவது கேட்டால் எல்லோரும் கையிலிருக்கும் போனைப் பற்றியே பேசுகிறார்கள். வீடியோ பார்க்காதே, கேம் ஆடாதே, வெளிச்சத்தைக் குறை என்பார்கள். தவறில்லை, திரைதான் பெரிய செலவு. ஆனால் நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: நீங்கள் பார்க்காத நேரத்தில் உங்கள் போன் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது?

ஒரு கணக்குப் பார்ப்போம். இன்றைக்குப் பல போன்களில் 5000 எம்.ஏ.எச். பேட்டரி இருக்கிறது. வோல்டேஜோடு பெருக்கினால் ஏறக்குறைய 19 வாட்-அவர் வரும், பேட்டரிக்குள் அடங்குகிற மொத்த ஆற்றல் இது. அதை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் சராசரியாக ஒரு வாட்டுக்கும் குறைவு. ஒரு நாள் முழுக்கத் திரை, பேச்சு, நெட், கேமரா எல்லாவற்றையும் இந்த ஒரு வாட்டுக்குள் போன் சமாளித்தாக வேண்டும்.

இப்போது சிக்னலுக்கு வருவோம். டவர் பக்கத்தில் இருந்தால் போன் மிகக் குறைந்த சக்தியில் பேசினாலே போதும். தூரம் கூடக் கூட, சுவர் தடிமனாக ஆக ஆக, டவர் போனிடம் "சத்தமாகப் பேசு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான 4ஜி போன்கள் அதிகபட்சமாக 200 மில்லிவாட் வரை அனுப்பும். ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்கிற அளவு இது. அதை உண்டாக்கப் பேட்டரியிலிருந்து எடுப்பது இன்னும் சில மடங்கு அதிகம். டவருக்குக் கீழே நிற்கிற போன் அனுப்புவதோ இதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரே செய்தி, ஒரே போட்டோதான். இடம்தான் வேறு. மேல்மாடி ஜன்னல் ஓரத்தில் நொடியில் போய்விடுகிற போட்டோ எங்கள் கன்ட்ரோல் ரூமில் முழுச் சக்தியில் திரும்பத் திரும்ப முயற்சி செய்து, மெதுவாக, தவணை தவணையாகப் போகும். அந்த நேரம் முழுக்க ரேடியோ விழித்திருக்கும். அனுப்பி முடித்ததும் அது உடனே தூங்கிவிடுவதும் இல்லை. அடுத்து ஏதாவது வருமோ என்று சில நொடிகள் காத்திருந்துவிட்டுத்தான் அடங்கும்.

சிக்னல் சுத்தமாக இல்லாத இடத்தைவிட ஒரு கோடு வந்து வந்து போகிற இடம் மோசம் என்பது என் அனுபவம். சிக்னலே இல்லையென்றால் போன் தேடும், கிடைக்காவிட்டால் கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி தேடும். அதுவும் செலவுதான். ஆனால் கோடு வந்துவிட்டால் உடனே டவரில் தன்னைப் பதிவு செய்துகொள்ளும், காத்திருந்த ஆப் எல்லாம் ஒரே நேரத்தில் நெட்டைப் பிடிக்கப் பாயும், பாதியில் அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 5ஜி, 4ஜி இரண்டும் அரைகுறையாகக் கிடைக்கிற இடத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதும் இதோடு சேர்ந்துகொள்ளும். இப்படி டிராயரில் கிடக்கும் போனைத் தொட்டுப் பாருங்கள், யாரும் தொடாமலே கதகதப்பாக இருக்கும்.

இதற்கு வழி எளிது. எங்கள் பிரிவில் வைஃபை நன்றாக வரும். டியூட்டிக்கு வந்ததும் ஃபிளைட் மோடு போட்டுவிட்டு, அதற்குள்ளேயே வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்வேன். ஃபிளைட் மோடில் வைஃபை வேலை செய்யாது என்று நினைப்பவர்கள் இன்னமும் நிறையப் பேர் இருக்கிறார்கள். செய்யும், கையால் ஆன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். வைஃபை காலிங் வசதி உங்கள் போனிலும் சிம் நிறுவனத்திடமும் இருந்தால் சாதாரண அழைப்புகூட வைஃபை வழியாகவே வந்துவிடும். அந்த செட்டிங்கை முன்னாடியே ஆன் செய்து, யாரையாவது ஒரு தடவை கூப்பிடச் சொல்லிச் சோதித்துவிடுங்கள். அவசரத்துக்கு எங்களுக்கு இன்டர்காம் இருக்கிறது, அதனால் எனக்குக் கவலை இல்லை. அப்படி வேறு வழி இல்லாதவர்கள், வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருப்பவர்கள், சோதிக்காமல் ஃபிளைட் மோடு போடாதீர்கள்.

வைஃபையும் இல்லாத இடமா? 5ஜி அரைகுறையாக இருந்தால் நெட்வொர்க் வகையை 4ஜிக்கு மாற்றிவிடுங்கள். நீண்ட பயணத்தில் டவரே இல்லாத பாதை வரும் என்று தெரிந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் ஃபிளைட் மோடு போடுங்கள். போனை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். இரும்பு பீரோவுக்குள் இருப்பதைவிட மேசை மேல் இருப்பது மேல். ஜன்னல் ஓரம் இன்னும் மேல், வெயில் படாமல் இருந்தால்.

இதெல்லாம் என் ஊகம்தானே என்று தோன்றினால் உங்கள் போனையே கேளுங்கள். செட்டிங்ஸில் பேட்டரி என்று ஒரு பக்கம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அங்கே சதவீதத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கொஞ்சம் கீழே இறங்கினால் எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்ற பட்டியல் வரும். பெயரைத் தொட்டால் திரையில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகக் காட்டும். ஐபோனாக இருந்தால் சிக்னல் இல்லாமல் போன செலவையே ஒரு வரியாக எழுதிவிடும். என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் போனில் நாங்கள் சேர்ந்து பார்த்தோம். திரையில் ஐந்து நிமிடம்கூட ஓடாத ஒரு போட்டோ பேக்கப் ஆப், பின்னணியில் மணிக்கணக்கில் ஓடியிருந்தது. விடுமுறையில் எடுத்த வீடியோக்களை அந்த ஒரு கோடு சிக்னலில் மேலே ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. "இதுதானாடி இத்தனை நாளா?" என்றார் அக்கா. பேக்கப்பை வைஃபையில் மட்டும் என்று மாற்றினோம். அப்புறம் அவர் போன் ஒரு ஷிஃப்டை முழுதாகத் தாங்குகிறது.

நீங்கள் அந்தப் பக்கத்தில் தேட வேண்டியது, திரை நேரம் குறைவாகவும் பின்னணி நேரம் அதிகமாகவும் இருக்கிற பெயர்களை. பாட்டுக் கேட்கிற ஆப், வழி காட்டுகிற மேப் அப்படி இருந்தால் நியாயம். ஷாப்பிங் ஆப்பும் செய்தி ஆப்பும் ஏன் அப்படி இருக்க வேண்டும்? ஆண்ட்ராய்டில் அதன் பேட்டரி அமைப்பைக் கட்டுப்படுத்தப்பட்டது என்று மாற்றலாம். ஐபோனில் பேக்ரவுண்ட் ரிஃப்ரெஷை நிறுத்தலாம். லொகேஷன் அனுமதியை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று வையுங்கள். வாட்ஸ்அப்பில் மொபைல் டேட்டாவில் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். குடும்ப குரூப் ஒன்று இருந்தாலே இது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். ஆனால் அலாரம், டியூட்டி அட்டவணை, மருத்துவ சாதனங்களோடு இணைந்த ஆப் போன்றவற்றில் கை வைக்காதீர்கள். தாமதமாக வருகிற அறிவிப்பால் கிடைக்கிற மிச்சம் நமக்கு வேண்டாம்.

அப்பாவிடம் எனக்கு ஒரு நீண்ட நாள் வாதம் இருக்கிறது. ஒவ்வொரு தடவை போனை வைக்கும்போதும் திறந்திருந்த ஆப் எல்லாவற்றையும் மேலே தள்ளித் தள்ளி மூடுவார்.

"அப்பா, அது தூங்கிட்டுத்தான் இருக்கு, ஏன் மூடுறீங்க?"

"திறந்து கிடந்தா சார்ஜ் குடிக்கும்மா."

குடிக்காது. அந்தப் பட்டியலில் தெரிகிற ஆப்களில் பெரும்பாலானவை உறைந்த நிலையில் நினைவகத்தில் இருக்கின்றன. மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும், அதற்குத்தான் சார்ஜ் செலவாகும். 2016இல் ஒரு வாடிக்கையாளர் இதைப் பற்றி மின்னஞ்சலில் கேட்டபோது, ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி, தான் அப்படி மூடுவதும் இல்லை, பேட்டரிக்கு அது தேவையும் இல்லை என்று பதில் எழுதினார். கூகுளில் ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதே சமயத்தில் அதையே சொன்னார். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 தொட்டு, அசையாமல் கிடக்கிற போன் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும். அவ்வப்போது கொஞ்ச நேரம் மட்டும் எழுந்து எல்லா ஆப்பின் வேலையையும் மொத்தமாக முடித்துவிட்டுத் திரும்பத் தூங்கும். ஏதாவது ஒரு ஆப் மாட்டிக்கொண்டு போன் சூடானால் அந்த ஒன்றை மூடுங்கள், அது சரி. அப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் விடுவதாக இல்லை.

திரையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வெளிச்சத்தைத் தானாக மாறும்படி விடுவதே எனக்குப் பிடித்தது. வெயிலில் முழு வெளிச்சத்துக்குத் தள்ளிவிட்டு உள்ளே வந்த பிறகு குறைக்க மறப்பதுதான் கையால் மாற்றுபவர்களுக்கு நடப்பது. திரை அணையும் நேரத்தை 30 நொடிக்குக் கொண்டுவாருங்கள். டார்க் மோடு பற்றி நிறையப் பேர் மிகையாகச் சொல்கிறார்கள். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனக்குத்தானே ஒளிர்கிறது, கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே இருக்கும், அதனால் மிச்சம். எல்சிடியில் பின்னாலிருக்கும் விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும், அதனால் பயனில்லை. ஓஎல்இடியிலும்கூட, 2021இல் வெளியான அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது இது: வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது சராசரியாக 3 முதல் 9 சதவீதம்தான் மிச்சமாகிறது. முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம். ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிய எங்கள் கன்ட்ரோல் ரூமில் விளக்கைக் குறைத்தே வைத்திருப்போம். அங்கே என் போனின் வெளிச்சமும் தானாகக் குறைந்துவிடும், டார்க் மோடால் பெரிய லாபம் இல்லை, கண்ணுக்கு இதமாக இருப்பதற்காக வைத்திருக்கிறேன். வெயிலில் அலைந்து வேலை செய்பவர்கள் கட்டாயம் போட வேண்டும்.

பவர் சேவிங் மோடை 20 சதவீதம் வரும்வரை தள்ளிப் போடாதீர்கள். நீளமான நாள் என்று தெரிந்தால் காலையிலேயே போட்டுவிடுங்கள். திரை நொடிக்கு 120 தடவை புதுப்பிப்பது (120 ஹெர்ட்ஸ்) 60 ஆகும், பின்னணி வேலை அடங்கும், மற்றபடி போன் போன்தான். புளூடூத்தை ஓயாமல் அணைப்பது, வைப்ரேஷனை நிறுத்துவது எல்லாம் சில்லறை. நேரம் இருந்தால் செய்யுங்கள்.

இத்தனையும் செய்தும் நிற்கவில்லை என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 முழுச் சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி வடிவமைத்திருப்பதாகவும், 15 தொட்டு அது 1000 சுற்று என்றும் ஆப்பிள் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் புதிய போன்களுக்கு 800 சுற்று என்று சட்டமே போட்டுவிட்டது. ஒரு சுற்று என்றால் ஒரு தடவை சார்ஜர் செருகுவது இல்லை. இன்று 60 சதவீதம், நாளை 40 சதவீதம் என்று செலவழித்தாலும் சேர்த்து ஒன்றுதான். அந்த வயதை விரைவாக்குவது சூடு. சார்ஜ் போட்டுக்கொண்டே, மொபைல் டேட்டாவில், வீடியோ கால் பேசுவது எல்லாச் சூட்டையும் ஒன்றாகச் சேர்க்கிற வேலை. 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற வசதி பேட்டரியின் ஆயுளுக்கு நல்லது. ஆனால் அன்றைக்கு உங்களுக்குக் கையில் இருப்பது அந்த 80தான். நான் வீட்டில் இருக்கும் நாளில் அதை ஆன் செய்து, டியூட்டி நாளில் அணைத்துவிடுகிறேன்.

பேட்டரி மாற்றுவதாக இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். புது போன் வாங்கத் தேவையே இல்லாத பல பேர் அதைச் செய்யாமல் போனையே மாற்றுகிறார்கள். முக்கியமாக, பின்பக்க மூடி லேசாக எழும்பியிருந்தாலோ திரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். அணைத்து வைத்துவிட்டு, மாற்றத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.