சாய்ப்பில் ஏழு நாள்

2022 ஜனவரியில் ஒமைக்ரான் கொரோனா வந்தபோது எல்லோர் வாயிலும் 'லேசு' என்ற வார்த்தைதான். வெறும் தடிமன் மாதிரி, ரெண்டு நாள் தொண்டை வலிக்கும், போயிடும் என்றார்கள். எங்கள் வீட்டிலும் யாரும் ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை, அதற்கு இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் சர்க்கரை உள்ள 74 வயது அம்மாவை வைத்துக்கொண்டு, தக்கலைப் பக்கம் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் அந்தத் தை மாதத்தைக் கடந்த எனக்கு லேசு என்ற வார்த்தை இப்போதும் தொண்டையில் இறங்காது.

11-ம் தேதி என் வீட்டுக்காரருக்குப் பாசிட்டிவ். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடுக்கி வைக்கும் சாய்ப்புக் கொட்டகையை ஒதுக்கி, கட்டில் போட்டு அவரை அங்கே விட்டோம். அம்மாவுக்கு பூஸ்டர் போடவும் வழியில்லை. அதை 10-ம் தேதிதான் ஆரம்பித்திருந்தார்கள், இரண்டாவது ஊசி போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும், அம்மா போட்டதோ ஆகஸ்டில். முன்னறையை விட்டு வரவே கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன், மகளையும் காவலுக்கு வைத்தேன். என்ன செய்து என்ன, 13-ம் தேதி அம்மாவுக்கும் வந்துவிட்டது.

இரண்டு பேருக்கும் நோய் இருந்தால் ஒரே அறையில் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்குத்தான் அது பெரிய சங்கடம். கல்யாணம் ஆகி பதினாறு வருஷத்தில் மருமகன் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, பேச்செல்லாம் என் வழியாகத்தான் போகும். நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டேன். அப்புறம்தான் போனார்.

பொங்கலன்று விடியற்காலை நாலரை மணிக்கு அவர் போன் பண்ணினார். "அம்மைக்கு ஆக்ஸிஜன் 91 காட்டுது." மாஸ்க்கைக்கூட ஒழுங்காகப் போடாமல் ஓடினேன். அம்மாவின் விரல் பனியில் கிடந்த இரும்பு மாதிரி சில்லென்று இருந்தது. கை குளிர்ந்திருந்தால் விரலில் மாட்டும் அந்த மெஷின் குறைவாகக் காட்டும் என்று சுகாதாரப் பணியாளர் ஆஷா அக்கா முன்பே சொல்லியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சுக்குக் காப்பி டம்ளரை அம்மாவின் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தேன், விரலைத் தேய்த்தேன், மறுபடியும் மாட்டினேன். 93. 95. கடைசியில் 97-ல் நின்றது. முற்றத்துக்கு வந்துதான் அழுதேன். அன்றைக்குப் பொங்கல் விடவில்லை, கஞ்சியும் சிறுபயறு தொவரனும்தான். கோயிலிலும் பள்ளிவாசலிலும் 18 வரை ஆட்களை விடாததால் ஊரே அமைதியாக இருந்தது. 16-ம் தேதி ஞாயிறு, முழு ஊரடங்கு, வாசலில் மீன்காரியின் கூப்பாடுகூட இல்லை.

அன்று மதியம் கஞ்சியை ஸ்டூலில் வைக்கப் போனபோது சேலைக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா பேசிக்கொண்டிருந்தார், அவரிடம். 1956-ல், நம்ம கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம், அம்மாவின் அக்காவுக்கு வைசூரி என்ற பெரியம்மை வந்ததாம். வாசலில் வேப்பிலை சொருகி, இதே மாதிரி ஒரு சாய்ப்பில்தான் தனியாகப் போட்டார்களாம். எட்டு வயதுப் பிள்ளை ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும், அக்கா கூப்பிடுவாளாம், யாரும் போக விடமாட்டார்களாம். அக்கா பிழைக்கவில்லை. "கூப்பிட்டுக்கிட்டே இருந்தா மக்ளே," என்றார் அம்மா. எனக்கு அப்படி ஒரு பெரியம்மா இருந்ததே அன்றுவரை தெரியாது.

18-ம் தேதி அவருக்கு ஏழு நாள் தனிமை முடிந்தது. காய்ச்சல் விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. அம்மாவுக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி. வென்னீர் போட்டு வைத்தேன், குளித்துவிட்டு உள்ளே வந்து படுப்பார் என்று நினைத்தேன். அவர் குளித்தார், மாஸ்க்கைப் போட்டார், முன்னறை நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் சாய்ப்பு வாசலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தார்.

"அம்மே, நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.