பத்மினியின் ஸ்டீயரிங் ஆட்டம்: வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து சில குறிப்புகள்

ஜூன் 9, 2024, ஞாயிறு

என் பழைய பத்மினி காரின் ஸ்டீயரிங் ஆட்டம் (திருப்பினாலும் சக்கரம் உடனே கேட்காத அந்தத் தளர்வு) இனி பொறுத்துக்கொள்ளும் அளவில் இல்லை. வளையத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். முன்சக்கரம் அசையத் தொடங்குவதற்குள் கோடு மூன்று அங்குலம் நகர்ந்துவிடுகிறது. ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் கை அதற்குப் பழகிப்போகும். பெங்களூர் சாலையில் ஒரு லாரி பக்கத்தில் முந்திப் போனால்தான் இது எவ்வளவு ஆபத்து என்று தெரியும். காற்று வண்டியைத் தள்ளுகிறது, நாம் திருப்புகிறோம், வண்டி கேட்பதற்குத் தாமதமாகிறது. சரியாகும் வரை வீட்டு ஆட்களை ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

வண்டி 1984 மாடல் பிரீமியர் பத்மினி. 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்த அதே வண்டிதான், பெயர் மட்டும் பின்னால் மாறியது. 1089 சிசி இன்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். இதில் இந்தக் காலத்துக் கார்களில் இருக்கும் ரேக் அண்ட் பினியன் (பல் சக்கரமும் பல் தண்டும்) கிடையாது. வார்ம் அண்ட் ரோலர் பாக்ஸ்: ஸ்டீயரிங் தண்டின் நுனியில் திருகு போன்ற வார்ம், அதன்மேல் உருளும் ரோலர். அதிலிருந்து அசையும் கையாக டிராப் ஆர்ம், நடுவில் ஒரு ராடு, மறுபக்கம் அந்த ராடைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம், இரு சக்கரத்தையும் திருப்பும் டை ராடு. அதாவது கைக்கும் டயருக்கும் நடுவே நிறைய மூட்டுகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தேய்ந்தால் போதும், எல்லாம் சேர்ந்து மூன்று அங்குலம் ஆகிவிடும்.

போன மாதம் ஒரு பட்டறையில் காட்டினேன். வேறு எதையும் பார்க்காமல் பாக்ஸ் மேலிருக்கும் ஸ்க்ரூவைத் திருகிக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டம் அப்படியே இருக்கிறது. கூடவே, ஊரிலுள்ள கிரீன் சர்க்கிள் சந்திப்பில் திரும்பினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை, இழுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம். அந்த ஸ்க்ரூ கடைசியில் தொட வேண்டியது.

ஜூன் 15, சனி

காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தோம். ஒன்பதுக்கு மேல் இந்த ஊர் வெயிலில் தரையில் படுக்க முடியாது. மகளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். சக்கரங்கள் தரையிலேயே இருக்க வேண்டும், ஜாக்கி போடக்கூடாது. எடை டயரில் இருக்கும்போதுதான் தேய்ந்த மூட்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

"ரொம்பத் திருப்பாதம்மா, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், ஆட்டிக்கிட்டே இரு."

"இவ்வளவு போதுமாப்பா?"

போதும். நான் கீழே ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். பாக்ஸைப் பாடியோடு பிடிக்கும் போல்ட்களில் ஒன்று தளர்ந்து, பாக்ஸே லேசாக நகர்ந்தது. அதை இறுக்கினேன். அப்புறம் ஐட்லர் ஆர்ம். அதுதான் முக்கியக் குற்றவாளி: பக்கவாட்டில் போவதற்குப் பதில் மேலும் கீழும் குதிக்கிறது, அது சுழலும் புஷ் (உள்வளையம்) முழுக்கத் தேய்ந்துவிட்டது. இடது டை ராடு எண்டின் (ராடின் நுனியிலுள்ள மூட்டின்) ரப்பர் கிழிந்து, உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மண்.

ஜூன் 16, ஞாயிறு

இன்று ஜாக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட், பின்சக்கரத்துக்குக் கல். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகவே கூடாது.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். வலது சக்கரத்தில் சிறு ஆட்டம். சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின்னா, சக்கரம் சுழலும் வீல் பேரிங்கா? மகளைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினேன். ஆட்டம் நின்றது, ஆகவே பேரிங்தான். பிரேக் மிதித்தும் ஆடியிருந்தால் கிங் பின் வேலை, அது பெரிய செலவு. பேரிங்குக்குப் புது கிரீஸ் போட்டு, அளவாக இறுக்கி, நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின் மாட்டினேன்.

தோட்டப்பாளையத்தில் லேத் வைத்திருக்கும் பாய்க்கு போன் செய்தேன். "நாளைக்கு பக்ரீத் தம்பி, செவ்வாய்க்கிழமை கொண்டாங்க. பழைய புஷ்ஷை மட்டும் கொண்டுவராதீங்க, ஆர்மோட கொண்டாங்க, அளவெடுத்துதான் கடையணும்" என்றார். இப்படிக் கேட்டு வாங்கும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

ஜூன் 22, சனி

காட்பாடியிலிருந்து காலை ரயிலில் சென்னை. புதுப்பேட்டையில் டை ராடு எண்டு ஒரு ஜோடி கிடைத்தது. இடமரை ஒன்று, வலமரை ஒன்று என்று பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர், பத்மினி சாமான் வருவது முன்போல இல்லை என்றார். 2023 அக்டோபரில் மும்பை டாக்சிகளில் கடைசிப் பத்மினியும் நின்றுவிட்டதே, இனி யாருக்காகச் செய்வார்கள்? வேண்டியதை இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஜூன் 23, ஞாயிறு

பாய் கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலத்தில்) கடைந்து கொடுத்த புஷ் அருமையாக உட்கார்ந்தது. கையால் தள்ளினால் கடைசி அரைவாசி மட்டும் போகவில்லை, மரக்கட்டை வைத்துத் தட்டினேன். கிரீஸ் போட்டதும் ஆர்ம் வழவழவென்று சுழல்கிறது, மேலும் கீழும் துளியும் ஆட்டம் இல்லை.

பழைய எண்டு லேசில் கழலவில்லை. மரையின் தலையில் அடித்தால் மரைதான் கெடும். எண்டின் கூம்பு உட்கார்ந்திருக்கும் துளையைச் சுற்றிய இரும்பின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக்கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் அடித்தால் கூம்பு பட்டென்று விட்டுவிடும். கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதையும் அதே சுற்றுக்கு ஏற்றினேன். காட்டர் பின்னுக்கு வெட்டு விட்ட காசல் நட்டை இறுக்கும்போது வெட்டும் துளையும் நேராகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி நேராக்கவே கூடாது. காட்டர் பின் எப்போதும் புதியது. இரண்டு ரூபாய்ப் பொருளில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

சாக்பீஸ் கோடு இப்போது ஒரு அங்குலத்துக்குள்.

ஜூன் 29, சனி

இப்போதுதான் பாக்ஸ் ஸ்க்ரூ. நாம் பெரும்பாலும் நேராகத்தானே ஓட்டுகிறோம், அதனால் வார்மின் நடுப்பகுதிதான் அதிகம் தேயும். நடுவில் ஆட்டம் முழுக்கப் போகும் வரை இறுக்கினால், தேயாத ஓரங்களில் ரோலர் பிடித்துக்கொள்ளும். பட்டறை செய்து வைத்தது அதைத்தான். டிராப் ஆர்மிலிருந்து ராடைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை முழுக்கப் பின்னால் எடுத்தேன். பிறகு அரைக்கால் சுற்று, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிப் பார்ப்பது, மறுபடி அரைக்கால் சுற்று. எங்கும் பிடிக்காமல், நடுவில் மயிரிழை ஆட்டம் மட்டும் இருக்கும் இடத்தில் நிறுத்தினேன். அந்த மயிரிழை இருக்கத்தான் வேண்டும். பாக்ஸில் 90 நம்பர் கியர் ஆயில் பாதிக்குக் கீழே போயிருந்தது, நிரப்பினேன்.

ஜூன் 30, ஞாயிறு

டை ராடைத் தொட்டால் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருக்கும் அளவு) சரிசெய்து, ஸ்டீயரிங் வளையத்தின் கம்பியையும் நேராக்கிக்கொண்டு, ராணிப்பேட்டை வரை அறுபதில் ஓட்டினேன். லாரிகள் கடந்தன, வண்டி கோட்டை விட்டு விலகவில்லை. திருப்பத்தில் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருகிறது.

பாக்ஸின் கீழ் சீலில் கொஞ்சம் கசிவு தெரிகிறது. பாய் அளவு எடுத்துவைத்திருக்கிறார், வேறு வண்டியின் சீல் பொருந்தும் என்கிறார். அது வரும் வரை வாரம் ஒருமுறை ஆயில் மட்டம் பார்க்க வேண்டும்; ஐநூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டும் ஒருமுறை.