அப்பாவின் காலை மாத்திரை

கோத்தகிரியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. போன வருடம் மேட்டில் ஏறும்போதெல்லாம் அப்பாவுக்கு நெஞ்சை அழுத்தியது. கோவையில் ஆஞ்சியோ எடுத்தால் மூன்று குழாயிலும் அடைப்பு. பைபாஸ்தான் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின இரவு, "காலையில் வெறும் வயிறு, எந்த மாத்திரையும் வேண்டாம்" என்று வார்டில் சொல்லிவிட்டார்கள். அப்பா இரண்டு வருடமாக, இதயத் துடிப்பை நிதானமாக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுபவர். எனக்கு மனசு கேட்கவில்லை. பார்க்க வந்த மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டேன். உடனே சீட்டைத் திருத்தி, ஒரு வாய் தண்ணீரோடு அதை மட்டும் கொடுக்கச் சொன்னார். உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால், தயவுசெய்து வாய்விட்டுக் கேளுங்கள்.

ஏன் என்றும் சொன்னார். அட்ரினலினின் சேதியை வாங்கிக்கொள்ள இதயச் செல்களின் மேல் பீட்டா ஏற்பிகள் இருக்கின்றன. மாத்திரை அவற்றை நாள்கணக்கில் அடைத்தே வைத்திருந்தால், செல் கூடுதலாக ஏற்பிகளை வைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் அத்தனையும் திறந்து கிடக்கும், இதயம் படபடவென்று ஓடும்.

இதயத்தைத் துடிக்கவிட்டே தைக்கும் முறையும் உண்டு. அப்பாவுக்கு ஒரு குழாய் தசைக்குள் புதைந்திருந்ததால், பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசல் கொடுத்து இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை ஓட்டும் வேலையை வெளியே இருக்கும் இதய-நுரையீரல் இயந்திரத்திடம், அதாவது பம்பிடம், விட்டார்கள். பம்ப் ஓடும்போது ரத்தத்தில் அட்ரினலின் ஏகமாக ஏறும், ஏற்பிகள் மந்தமாகிவிடும். சீசனில் பச்சை இலை குவிந்தால் ஃபேக்டரியில் கோட்டா போட்டு, இத்தனை கிலோவுக்கு மேல் எடுக்க மாட்டோம் என்பார்களே, அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

பம்பிலிருந்து விடுவிக்கும்போது அதுதான் நடந்ததாம். அட்ரினலின் அளவைக் கூட்டியும் இதயம் போதுமான வலுவோடு சுருங்கவில்லை. பிறகு மில்ரினோன் சேர்த்திருக்கிறார்கள். அது ஏற்பியிடம் போவதே இல்லை. செல்லுக்குள் இருக்கும் சேதி சீக்கிரம் அழியாமல் பார்த்துக்கொள்ளும். வெளியே நான் காத்திருந்த அந்த முக்கால் மணி நேரம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மூன்றாம் நாள் துடிப்பு தாளம் தப்பியது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், பைபாஸுக்குப் பிறகு நிறையப் பேருக்கு வருவதுதான் என்றார்கள். தாளத்தைச் சீராக்கும் அமியோடரோன் மருந்தை ஏற்றினார்கள், மறுநாள் சரியானது. காலை மாத்திரையையும் விட்டிருந்தால் இந்த ஆபத்து இன்னும் கூடியிருக்கும் என்றார் அதே டாக்டர்.

பத்தாம் நாள் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் தாண்டி ஒவ்வொரு வளைவிலும் அப்பா தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இப்போது தினமும் மாத்திரைக்கு முன் நாடி பார்த்து, நாள்காட்டியில் எழுதுகிறார். இன்று காலை 68.