எதிலெல்லாம் எழுதியிருக்கிறார்கள்!

கையில் பேனா கிடைத்துவிட்டால் காகிதம் வரட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. உள்ளங்கை, பயணச்சீட்டின் பின்பக்கம், தூசி படிந்த கார்க் கண்ணாடி, காயாத சிமெண்ட், கை ஒடிந்தவருக்குப் போட்ட மாவுக்கட்டு என்று அகப்பட்டதில் எல்லாம் எழுதிவிடுகிறோம். மாவுக்கட்டில் எழுதுகிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சில வாரத்தில் அறுத்துப் போடப்போகிறார்கள் என்று தெரிந்தும் பூ வரைந்து, சீக்கிரம் குணமாகு என்று எழுதி, கீழே கையெழுத்தும் போடுவார்கள். இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. கி.பி. 79-இல் எரிமலை புதைத்த பொம்பெயி நகரத்துச் சுவர்களில் காதல், தேர்தல், வசை என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் சுவரையே கூப்பிட்டு, இத்தனை பேருடைய அறுவையைத் தாங்கிக்கொண்டு நீ இன்னும் இடிந்து விழாமல் நிற்பது எனக்கு ஆச்சரியம் என்கிறார், அதையும் அந்தச் சுவரிலேயே எழுதி!

சரி, பைபிளுக்கு வருகிறேன். யார் என்ன எழுதினார் என்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, எதில் எழுதினார் என்று மட்டும் பார்த்துக்கொண்டே படித்துப் பாருங்கள். கல், செங்கல், கோல், தங்கத் தகடு, சுவர், தரை, வீட்டு நிலைக்கால் என்று வந்துகொண்டே இருக்கும். அப்படிப் படித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: என்றைக்கும் நிற்கட்டும் என்று கெட்டியானதில் எழுதியவை போய்விடுகின்றன, அந்த நேரத்துக்குக் கைக்கு எட்டியதில் எழுதியவை எப்படியோ தப்பிவிடுகின்றன.

சீனாய் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கல் பலகைகள், இரண்டு பக்கமும் எழுத்து, எழுதியது கடவுளின் விரல். இதைவிட உறுதியான ஏற்பாடு இருக்க முடியுமா? மோசே மலையடிவாரத்துக்கு வந்து, ஜனங்கள் கும்பிடச் செய்துகொண்ட பொன் கன்றுக்குட்டியையும் அவர்களுடைய நடனத்தையும் கண்ட கோபத்தில் அங்கேயே போட்டு உடைத்துவிட்டார். இரண்டாவது முறை எழுதித் தருகிறேன் என்கிறார் கடவுள், ஆனால் பலகைகளை இந்தத் தடவை மோசேயே இழைத்துக்கொண்டு வர வேண்டும். உடைத்தவர் கல்லைக் கொண்டு வரட்டும் என்கிற அந்த நியாயம் எனக்கு எப்போது படித்தாலும் சிரிப்பை வரவழைக்கும். பத்திரமாக உடன்படிக்கைப் பெட்டிக்குள் வைத்த அந்த இரண்டாவது ஜோடியும் பெட்டியோடு சேர்ந்து இன்று நம்மிடம் இல்லை.

யோபுவும் அப்படித்தான், தன் வார்த்தைகள் பாறையில் இரும்பாலும் ஈயத்தாலும் என்றென்றைக்கும் பதிய வேண்டும் என்று ஏங்குகிறார். பாறை கிடைக்கவில்லை. தோலிலும் தாளிலும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்தவர்களால்தான் அந்த ஏக்கம்கூட நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தோல் என்றாலும் பாப்பிரஸ் என்ற நாணல் தாள் என்றாலும் சுருளுக்கு எமன் தீதான். எரேமியா 36-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். குளிர்காலம், யூதாவின் ராஜா யோயாக்கீம் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான், தீர்க்கதரிசி எரேமியா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தரான பாருக்கு என்பவர் மையால் எழுதிய சுருளை அவனுக்கு வாசிக்கிறார்கள். மூன்று நாலு பத்தி ஆனதும், எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் சின்னக் கத்தியை எடுத்து, வாசித்த பகுதியை அறுத்து நெருப்பில் போடுகிறான். இன்னும் கொஞ்சம் வாசிக்கிறார்கள், மறுபடி அறுக்கிறான். வேண்டாம் என்று கெஞ்சுகிறவர்களையும் கேட்காமல் சுருள் முழுவதையும் இப்படியே தீர்த்துவிடுகிறான். கோபத்தில் மொத்தமாகத் தூக்கி எறிந்திருந்தால்கூடப் புரியும், இவன் கேட்டுக் கேட்டுக் கொளுத்துகிறான்! அப்புறம் என்ன, எரேமியா இன்னொரு சுருளை எடுத்துப் பாருக்கிடம் கொடுக்க, அதே வார்த்தைகளை மறுபடி எழுதியதோடு, அதுபோன்ற வேறு பல வார்த்தைகளும் சேர்ந்துகொண்டன. ராஜா எரித்ததால் புத்தகம் பெரிதானது.

தீக்குப் பயப்படாத ஒன்று உண்டு, களிமண். கி.மு. 612-இல் நினிவே எரிந்தபோது அசுர்பானிபால் மன்னரின் நூலகமும் எரிந்தது, ஆனால் அங்கே இருந்த களிமண் பலகைகளில் பலவற்றை அந்தத் தீயே சுட்டுக் கெட்டியாக்கிக் கொடுத்துவிட்டது. ஈரக் களிமண்ணில் வளைவாகக் கோடு இழுப்பது சிரமம், நாணல் குச்சியை அழுத்தி எடுப்பது சுலபம், அதனால்தான் அந்த எழுத்துகள் ஆப்பு வடிவில் இருக்கின்றன. பனையோலையில் எழுதியவர்களும் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளியையே வைக்காமல் விட்டார்கள். எழுதப்படும் பொருள் சொல்கிறபடி கை நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பாபிலோன் தேசத்தில் சிறையிருந்த தீர்க்கதரிசி எசேக்கியேலிடம் எருசலேமின் படத்தை ஒரு செங்கலில் வரையக் கடவுள் சொன்னதும் பொருத்தம்தான், அந்த ஊரில் களிமண்ணுக்கா பஞ்சம்!

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது உடைந்த பானை ஓடு. காசு கிடையாது, பானை உடைந்தால் துண்டுச்சீட்டு தயார். 1935-இல் லாகீஸ் என்ற பழைய ஊரின் கோட்டை வாசல் அருகே ஓடுகளில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்தன, பாபிலோன் படை யூதாவை நெருங்கிக்கொண்டிருந்த காலத்தவை. ஒன்றில், லாகீஸின் தீச் சைகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்கா தெரியவில்லை என்று இருக்கிறது. கடைசி வரை தாக்குப்பிடித்த நகரங்கள் என்று எரேமியா சொல்வதும் இதே இரண்டு பெயர்களைத்தான். இன்னொரு ஓட்டில் ஓசாயா என்ற அதிகாரி தன் மேலதிகாரியிடம் ரோஷப்படுகிறார்: உனக்குக் கடிதம் படிக்கத் தெரியாது என்று நீங்கள் எழுதிவிட்டீர்களே, கடவுள்மேல் ஆணை, எனக்கு யாரும் ஒருபோதும் கடிதம் படித்துக் காட்டியதே இல்லை! நாடே போகப்போகிற நேரத்தில் இவருக்கு அந்த வருத்தம். அந்த ஓடு இல்லையென்றால் இந்த மனிதரை நமக்குத் தெரிந்தே இருக்காது.

பிரதான ஆசாரியரின் பாகையில் கட்டிய பொன் தகட்டில் ‘கர்த்தருக்குப் பரிசுத்தம்’ என்று வெட்டியிருக்கும். சகரியா புத்தகத்தின் கடைசியில் அதே வார்த்தைகள் குதிரைகளின் மணிகளில் இருக்கும் என்று வருகிறது, பொன்னிலிருந்து குதிரை மணிக்கு! அந்தத் தகடு நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 1979-இல் எருசலேமில் ஒரு கல்லறையில் இரண்டு குட்டி வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன, கழுத்தில் தாயத்தாக அணிந்திருக்கலாம். பிரித்துப் பார்த்தால் ‘கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்’ என்கிற ஆசாரிய ஆசீர்வாதம். பைபிள் வரிகள் எழுதப்பட்டு இன்றைக்கும் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையவை இவைதான்.

இன்னும் நிறைய இருக்கிறது. ஆரோன் பெயரை எழுதி வைத்த கோல் மறுநாள் காலையில் துளிர்த்துப் பூத்து வாதுமையும் காய்த்துவிட்டது. பாபிலோன் ராஜா பெல்ஷாத்சாரின் அரண்மனையில் திடீரென்று தோன்றிய ஒரு கை, எழுதுவதற்கு, விளக்குக்கு எதிரே இருந்த சாந்துச் சுவரைத் தேர்ந்தெடுத்தது, எல்லோர் கண்ணிலும் படும் இடம். இயேசு எழுதினார் என்று சுவிசேஷங்களில் வருகிற ஒரே இடத்தில் அவர் எழுதியது தரையில், விரலால், அதில் என்ன எழுதினார் என்று யோவான் சுவிசேஷம் சொல்வதே இல்லை.

எல்லா வசதியும் இருந்தும் எழுத மனமில்லாத ஒருவரும் உண்டு. யோவானின் இரண்டாம் நிருபம் மொத்தமே 13 வசனம். உங்களுக்கு எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, ஆனால் காகிதத்தாலும் மையாலும் எழுத விருப்பமில்லை, நேரில் வந்து முகமுகமாகப் பேசுகிறேன் என்று சொல்லி, வாழ்த்தோடு முடித்துவிடுகிறார்.