ஒழுங்கில்லாமல் வரட்டும்

பிப்ரவரி 4
அம்மாவின் கருப்பைக் கட்டியில் எடுத்த ஸ்லைடுகள் சோதனைக்குப் போய்விட்டன. பத்து நாள் ஆகுமாம்.

பிப்ரவரி 6
"அதான் கர்ப்பப்பையையே எடுத்தாச்சே, அப்புறம் என்ன டெஸ்ட்டு?" என்று அம்மா கேட்டாள். எடுத்த கட்டியில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் கீமோ வேண்டுமா என்பதை முடிவு செய்வார்கள். சும்மா ஒரு டெஸ்ட்டும்மா என்றேன்.

பிப்ரவரி 7
தூக்கம் இல்லை. பி53, பி53, பி53.

டிஎன்ஏ பழுதானால் செல்லை நிறுத்திவைக்கிற மரபணு. பழுதைச் சரிசெய்ய முடியாவிட்டால் அந்தச் செல்லைச் சாகவைக்கும். அதுவே கெட்டால் தடுக்க ஆள் இல்லை. 2013இல் இந்தக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயை நான்கு வகையாகப் பிரித்தார்கள். பி53 கெட்டதுதான் நான்கிலும் மோசம். கட்டி கருப்பையைத் தாண்டாவிட்டாலும், கருப்பைத் தசைக்குள் இறங்கி பி53உம் கெட்டிருந்தால், மகளிர் நோய் மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீகோவின் 2023 விதிப்படி இரண்டாம் நிலை. அம்மாவுக்குத் தசையில் பாதிக்கும் குறைவாகத்தான் இறங்கியிருக்கிறது. ஆனால் இறங்கியிருக்கிறது.

ஸ்லைடில் பி53க்குச் சாயம் ஏற்றினால் செல்லெல்லாம் அடர்பழுப்பாக வந்தாலும் கெட்டது, துளிப் பழுப்புகூட இல்லாவிட்டாலும் கெட்டது. ஒன்று அழுத்தமாக, ஒன்று வெளிறி, ஒழுங்கில்லாமல் வந்தால்தான் நல்லது.

பிப்ரவரி 8
ஒழுங்கில்லாமல் வரட்டும்.

பிப்ரவரி 11
பிடென் என்கிற இன்னொரு மரபணு கெட்டிருப்பது இந்த நோயில் சர்வசாதாரணம், அதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சரி, அது போகட்டும். எனக்கு பி53 தெரிந்தால் போதும்.

பிப்ரவரி 14
பி53 இயல்பு! அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். "எதுக்குடி அழுவுற?" என்று அவளும் அழுதாள்.

இரவு
இரண்டாம் பக்கத்தை இப்போதுதான் பார்க்கிறேன். எம்எல்எச்1 இல்லை. பிஎம்எஸ்2 இல்லை.

பிப்ரவரி 15
டிஎன்ஏவை நகலெடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்துகிற புரதங்கள் அவை. அடுத்து மெத்திலேஷன் சோதனை. மரபணுமேல் ஒட்டி அதை அடைத்துவிடுகிற ரசாயனக் குறி அது. எம்எல்எச்1 மரபணுவை மெத்திலேஷன் அடைத்திருந்தால், பெரும்பாலும் அது கட்டிக்குள் மட்டும் நடந்தது. இல்லாவிட்டால் ரத்தத்தில் பார்க்க வேண்டும். லிஞ்ச், அதாவது பரம்பரையாகப் புற்றுநோய் வரவைக்கும் கோளாறு, என்று வந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 50 சதவீத வாய்ப்பு. கருப்பை மட்டுமில்லை, பெருங்குடலும்.

பாட்டியும் வயிற்றில் கட்டி வந்துதான் போனாள். என்ன கட்டி என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 17
"நமக்குமாக்கா?" என்று தங்கை அனுப்பியிருக்கிறாள். பதில் எழுதி எழுதி அழித்தேன்.

பிப்ரவரி 19
அம்மா இன்று கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறினாள். மெத்திலேஷன் முடிவு நாளைக்கு.