சலித்தாலும் சேரும் உயிர்

ஹற்றன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். கடலடியில் ஒட்டி வாழும் எளிய விலங்குகளான கடற்பஞ்சுகளைப் பல வருடங்களாக அரைப் பாடவேளையில் முடித்துவிடுவேன். வாய் இல்லை, நரம்பு இல்லை, தசை இல்லை. சிறு துளைகளால் நீர் உள்ளே வரும், பெரிய துளையால் வெளியே போகும். குறிப்பு அவ்வளவுதான். கடலையே பார்க்காத பிள்ளைகளுக்கு இது போதும் என்று நினைத்திருந்தேன். அது தப்பு.

போன வருடம் கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "இவ்வளவும் இல்லைன்னா, அது உசுரோட இருக்குன்னு எப்படி டீச்சர் சொல்றது?"

மணி அடித்துவிட்டது. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சிவப்புச் சோக்கால் பலகையில் கிளாத்ரியா புரோலிபெராவை வரைந்தேன். வட அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையோரத்தில் வாழும் கடற்பஞ்சு அது. அங்கே சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி வளர்ந்து பாராகக் கிடக்கும். மன்னார்க் கடலில் முத்துப்பார் என்கிறோமே, அதே சொல்தான். சிப்பி ஓட்டின்மேல் முதலில் மெல்லிய சிவப்புப் படையாகப் படரும். அப்புறம் விரல் விரலாக எழும்பி, கிளைவிட்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு சாண் உயரம் வரை வளரும். உள்ளே சவுக்குமுளை என்ற சாட்டை போன்ற நுண்ணிய இழை கொண்ட கலங்கள் (செல்கள்) ஓயாமல் அடித்து நீரை இழுக்கின்றன. அந்த நீரில் வரும் பக்டீரியாவும் நுண்துகள்களும்தான் அதற்குச் சாப்பாடு.

1907இல் எச். வி. வில்சன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் இந்தக் கடற்பஞ்சைத் துண்டாக்கி, மா சலிக்கும் நுண்ணிய பட்டுத் துணியில் வைத்துக் கடல்நீருக்குள் பிழிந்தார். கலங்கள் தனித்தனியாக உதிர்ந்து அடியில் படிந்தன. பிறகு அவை ஊர்ந்து, ஒன்றையொன்று தொட்டு, சிறு உருண்டைகளாகத் திரண்டன. நாளடைவில் அந்த உருண்டைகளில் மறுபடியும் நீர் ஓடும் வழிகளும் துளைகளும் உண்டாயின. வேறு இனக் கலங்களோடு கலந்துவிட்டாலும் தன் இனத்தோடுதான் சேரும் என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெளிவானது.

வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. அந்த மாணவியின் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைப் பக்கம் வேலை செய்கிறவர். அவள் மெதுவாகச் சொன்னாள்: "பேக்டரியில சலிச்சா தூள் வேற, இலை வேறன்னு பிரிஞ்சே போயிரும் டீச்சர். இது திரும்பத் தேடிச் சேருதே."

இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. என் பழைய குறிப்பில் 'இல்லை' என்று முடியும் மூன்று வரிகளுக்கும் கீழே அவள் சொன்னதை எழுதிவைத்திருக்கிறேன். இந்த வருடம் கடற்பஞ்சுக்கு இரண்டு முழுப் பாடவேளை ஒதுக்கினேன். சிவப்புச் சோக்கு மேசை லாச்சியில் தனியாக இருக்கிறது.