ரெண்டு லைன், ஒரு ரவுட்டர்: மூன்று வார அனுபவம்

மதுரையில் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து, ஜேசிபியின் கை மேலே போகிற வயரில் பட்டு ஃபைபர் அறுவது வாடிக்கையாகிவிட்டது. மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங் நடுவில் நெட் போனால் பார்வை என் பக்கம்தான் திரும்பும்.

வேறு கம்பெனியில் இன்னொரு ஃபைபர் வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒட்டுப் போட வந்த தம்பி சிரித்தார். "ரெண்டும் இதே கம்பத்துலதான் சார் வரும். அறுந்தா சேர்ந்துதான் அறும்." சரி என்று சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கி ஜன்னலோரம் வைத்தேன்.

நடுவில் இருப்பது ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஏற்றிய பழைய ரவுட்டர். இரண்டு லைனையும் மேய்க்க அதில் எம்வேன்3 என்ற கூடுதல் மென்பொருள் பொதியைப் போட்டேன். ஃபைபர் பெட்டி, 4ஜி பெட்டி இரண்டுக்கும் முகவரி 192.168.1.1 என்றே இருந்ததால், எது எதென்று ரவுட்டருக்குப் புரியாமல் முதல் நாள் மாலை வீண். 4ஜியை 192.168.2.1 ஆக்கிய பிறகுதான் வழிக்கு வந்தது.

ஆசை யாரை விட்டது? சும்மா கிடக்கிற 4ஜியையும் சேர்த்து ஓட்டலாம் என்று 5:2 விகிதத்தில் சுமையைப் பிரித்தேன். இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு, எனக்கும் இருந்தது: ஃபைபரின் 100 எம்பிபிஎஸ்ஸும் 4ஜியின் 40ம் சேர்ந்து 140 ஆகிவிடாது. பிரிவது இணைப்பு இணைப்பாகத்தான். பெரிய ஃபைல் ஒன்றை ஒரே இணைப்பில் இறக்கினால் அது ஏதாவது ஒரு லைனில் மட்டுமே ஓடும். அதற்குள் பேங்க் தளம் பாதியில் வெளியே தள்ளியது. ஒரு கிளிக் ஃபைபர் ஐபியிலிருந்தும் அடுத்தது 4ஜி ஐபியிலிருந்தும் போனால் அது சந்தேகப்படத்தானே செய்யும். பாதுகாப்பான தளங்கள் பயன்படுத்தும் 443 போர்ட்டுக்கு, தொடங்கிய லைனிலேயே 600 வினாடி ஒட்டிக்கொள்ளும்படி ஸ்டிக்கி விதி போட்டதும் அது சரியானது. சரியாகாதது டேட்டா. ஒரு ராத்திரி லேப்டாப் அப்டேட் ஓடி, விடிவதற்குள் சிம்மின் அன்றைய 2 ஜிபி காலி. சுமை பகிர்வை அன்றே எடுத்துவிட்டேன். இப்போது ஃபைபர்தான் எப்போதும். 4ஜி மாற்று ஆள் மட்டும்.

ரவுட்டரிலிருந்து ஃபைபர் பக்கத்து கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். உடனே 4ஜிக்கு மாறியது. பெருமை தாங்கவில்லை.

நாலாம் நாள் நிஜமாகவே அறுந்தது. ஃபைபர் பெட்டியில் சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னுகிறது, ரவுட்டரோ ஃபைபர் நன்றாக இருக்கிறது என்று சாதிக்கிறது. தப்பு என்னுடையது. லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 192.168.1.1ஐயே பிங் பண்ணச் (கூப்பிட்டுப் பதில் கேட்க) சொல்லியிருந்தேன். அது அலமாரியில் இருக்கிற பெட்டி. தெருவில் என்ன அறுந்தாலும் அது பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது வெளியே இணையத்தில் இருக்கிற 8.8.8.8, 1.1.1.1 என்ற இரண்டு சர்வர்களையும் 5 வினாடிக்கு ஒருமுறை பார்க்கிறது. ஒன்று பதில் சொன்னால் போதும். இரண்டும் தொடர்ந்து 3 முறை பேசாவிட்டால்தான் மாறும். திரும்பி வர 6 முறை பதில் வேண்டும், இல்லாவிட்டால் லைன் வந்து வந்து போகும்போது இதுவும் ஊஞ்சலாடும். இந்தத் தடவை ரவுட்டர் பக்கம் கை வைக்காமல், பெட்டியின் பச்சை ஃபைபர் முனையையே கழற்றிப் பார்த்தேன். 18 வினாடியில் 4ஜிக்கு மாறியது.

அப்படியும் மனைவியின் வீடியோ கால் உறைந்தே நின்றது. "என்னங்க, மாறிடுச்சுன்னீங்க?" ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகளின் குறிப்பு ரவுட்டர் இணைப்புகளை நினைவில் வைக்கும் கான்ட்ராக் பட்டியலில் பழைய வழியிலேயே நின்றிருந்தது. லைன் விழும்போது அந்தப் பட்டியலைத் துடைக்கச் சொன்னேன். கால் ஒருமுறை அறுந்து, சில வினாடியில் தானே சேர்ந்துகொள்கிறது. அறுபடாமலே தொடர வேண்டுமானால் வெளியே ஒரு சர்வர் வைத்து இரண்டு லைனையும் அங்கே ஒன்றாக்க வேண்டும். அதற்கு மாத வாடகை கட்ட எனக்கு மனசில்லை.

நேற்று கரண்ட் போனது. ஃபைபர் பெட்டியும் நடு ரவுட்டரும் இன்வர்ட்டரில் ஓடின. ஜன்னலோர 4ஜி மட்டும் அணைந்து கிடந்தது, அந்த பிளக்குக்கு இன்வர்ட்டர் லைன் கிடையாது. 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன்.